காலையில் மட்டும் நிற்கும் வண்டி

அவளை அந்த வட்டாரத்தில் ‘ஒரே குத்து அக்கா’ என்றுதான் சொல்வார்கள். கேட்க அடிதடிக்காரி மாதிரி இருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, சின்னக் குழாய்களில் அடைத்து, லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் வேலை. நரம்பு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். இரண்டாவது தடவை ஊசியைத் தூக்க நேர்ந்தால் அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது.

இன்னொரு பெயரும் அவளுக்கு வைத்திருக்கலாம். கேள்விக்காரி. ஊசி குத்துகிற நேரத்தில் எதிராளி பயப்படாமல் இருக்கட்டும் என்று ஆரம்பித்த பழக்கம், பிறகு விட மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. “உங்க வீட்டுக் கடிகாரம் ஏன் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது?” என்பாள். “இந்தச் செடி ஏன் ஒரு பக்கமா சாயுது?” என்பாள். பதில் யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு மாடி வீட்டில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே இருந்த நாலு பேர் கத்திக் கூப்பாடு போட்டார்கள். இவள் மட்டும் வெளியே இருந்த லிஃப்ட்காரரிடம் கதவு இடுக்கு வழியாக, “எந்த ஒயர் போனா இப்படி நிக்கும்?” என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “உனக்கு உயிர் போற நேரத்துலகூட ஏன் போகுதுன்னு கேக்கணும்!”

கேட்கத்தான் கேட்பாள். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

அவளிடம் ஒரு பேட்டரி சைக்கிள் இருந்தது. வாங்கி இரண்டு வருஷம். பெடலும் உண்டு, மோட்டாரும் உண்டு. பின்சக்கரத்துக்கு மேலே கேரியர். அந்தக் கேரியருக்கு அடியில் மேஜை இழுப்பறை மாதிரி உள்ளே தள்ளிச் சாவியால் பூட்டுகிற நீளமான பேட்டரி. கேரியரின் மேல் ஐஸ் பெட்டி. ரத்தக் குழாய்களைச் சூடுபடாமல் கொண்டுவர வேண்டுமே, அதற்கு. கைப்பிடிக்கு நடுவே ஐந்து சின்ன விளக்குகள். சார்ஜ் குறையக் குறைய ஒவ்வொன்றாக அணையும்.

காலை ஏழு மணிக்கு லேபுக்குப் போய், அங்கே ஃப்ரீஸரில் கிடக்கும் ஐஸ் பைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்புவாள். முதலில் கீழ்த்தெரு வீடுகள். எட்டரைக்கு மேடு ஏற ஆரம்பிப்பாள். அந்த மேட்டில் பதினான்கு வீடுகள், அவள் வேலையில் பாதி அங்கேதான். முடித்துவிட்டு ஒன்பதரைக்குள் லேபில் இருக்க வேண்டும். பெட்டியைக் காலி பண்ணி, ஐஸ் பைகளை மறுபடி ஃப்ரீஸரில் போட்டுவிடுவாள். மத்தியானம் மூன்று மணிக்கு அதே மேட்டில் இன்னொரு தடவை ஏறி, வீடுகளில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வருவாள்.

முதல் தடவை வண்டி நின்றபோது மணி எட்டு முப்பத்தேழு. மேட்டில் பாதி தூரத்தில், சிவப்பு பெயின்டில் பதினேழு என்று எழுதிய மின்கம்பத்துக்குப் பக்கத்தில், ஐந்து விளக்கும் ஒரே சமயத்தில் பொசுக்கென்று அணைந்தன. மோட்டார் முனகலைக்கூடக் காணோம். சாவியைத் திருப்பினாள், திட்டினாள், கெஞ்சினாள். ஐந்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி நான்கு விளக்குகள் எரிந்தன. ஏறி உட்கார்ந்து இருபது அடி போனதும் மறுபடி அணைந்தன. மிச்ச மேட்டைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினாள். மேலே போனபோது மூச்சு வாங்கி, கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற கையோடு ஊசி குத்த அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கை அடங்கும் வரை வாசலில் உட்கார்ந்தாள். லேபுக்குப் போகும்போது பத்தே கால்.

அப்புறம் இதுவே வாடிக்கையாகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நேரம் கடந்து வந்த இரண்டு குழாய்களை லேப் வாங்கவே மாட்டேன் என்றது. அதில் ஒன்று மேட்டில் இருக்கும் டீச்சருடையது. அந்த டீச்சருக்கு நரம்பும் மெலிசு, ஊசி என்றால் பயமும் அதிகம். மறுநாள் போய் மறுபடி குத்த வேண்டி வந்தது.  டீச்சர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

லேப் மேடம் நல்லவர்தான், ஆனால் கடிகாரத்தை விட்டு நகராதவர். ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டு உட்கார வைத்தே சொன்னார். “அக்கா, உங்க கை மாதிரி எனக்கு வேற கை கிடையாது. ஆனா கெட்டுப்போன ரத்தத்தை வெச்சு நான் என்ன பண்றது? இந்தச் சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள இன்னும் ஒரு நாள் குழாய் கெட்டாலோ, சனிக்கிழமை ஒன்பதரைக்குள்ள நீங்க வரலைன்னாலோ, மேட்டு வீடுகளைப் பெட்ரோல் வண்டி வெச்சிருக்கிறவருக்குக் கொடுத்துடுவேன்.”

 மேடு போனால் வீட்டில் பாதி அடுப்பு அணைந்த மாதிரி. வீட்டுக்காரர் மரவேலை செய்கிறவர். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு வீட்டுப் பரணில் பலகை பொருத்தும்போது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. அவர்தான் நடக்கவில்லை. கட்டிலில் இருந்து ஜன்னல், ஜன்னலில் இருந்து கட்டில். தெருமுனை தாண்டி ஒருநாளும் போனதில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனுஷன், கேட்ட கேள்விக்கு ‘ம்’ என்பதோடு சரி.

அப்படி இருந்தவர் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், வண்டியில் ஐஸ் பெட்டி ஆடுகிறது, கயிறு போட்டுக் கட்டினாலும் சரிகிறது என்று இவள் அலுத்துக்கொண்டதைக் கேட்டார். கட்டிலுக்கடியில் இருந்து உளிப்பையை இழுத்தார். நான்கு நாள் உட்கார்ந்த இடத்திலேயே செய்து, கேரியரில் அச்சுப் பதித்த மாதிரி உட்கார்கிற ஒரு பெட்டியைச் செய்து கொடுத்தார். பக்கமெல்லாம் மரம், உள்ளே தெர்மாகோல், கழுவ வசதியாக அடியில் அலுமினியத் தகடு. விழுந்ததற்கப்புறம் அவர் கையால் செய்த முதல் பொருள் அதுதான். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தினமும் ஒரு கேள்வி கேட்பார்: “பெட்டி ஆடலையே?”

“அசையலைங்க,” என்பாள். அந்த ஒரு பேச்சுக்காகவே அவள் சில நாள் வேகமாக வீடு வந்து சேர்வதுண்டு.

சரி, வண்டிக்கு வருவோம். வண்டி நின்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? திட்டிவிட்டுக் கடையில் கொண்டுபோய்த் தள்ளுவோம். இவள் ஒரு நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில் நோயாளி என்ற இடத்தில் ‘வண்டி’ என்றும் வயது என்ற இடத்தில் ‘இரண்டு’ என்றும் எழுதினாள். தினமும் எத்தனை மணிக்கு ஏறினாள், எத்தனை விளக்கு, எங்கே நின்றது, எத்தனை நிமிஷத்தில் உயிர் வந்தது, எல்லாம் குறித்தாள். சார்ஜரை வேறு சுவிட்சில் மாட்டிப் பார்த்தாள். சக்கரத்தில் காற்று பார்த்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, எடை குறைத்துப் பார்த்தாள். ஊஹூம்.

ஐந்தாவது வாரம் நோட்டைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காலையில் இருபத்துநாலு நாளில் இருபது நாள் பதினேழாம் கம்பத்தில் நின்றிருக்கிறது. மத்தியானத்தில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மேடு அதே மேடு, ஆள் அதே ஆள். காலையில் முழு சார்ஜ். மத்தியானம் போகும்போது பாதிதான் இருக்கும். அட, இது என்ன கூத்து! வயிறு நிறைந்திருந்தால் படுத்துக்கொள்கிறது, பாதி வயிற்றில் ஏறுகிறதே? அக்காவுக்குத் தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. கவலை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நோட்டை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மத்தியானம் மீட்டர் கடைக்குப் போனாள்.

மீட்டர் என்பது அந்த மெக்கானிக்கின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. மின்சாரம் அளக்கிற மீட்டரை எந்நேரமும் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பான். முப்பத்தைந்து வயது, நல்ல வேலைக்காரன், கொஞ்சம் மிதப்பு. பேட்டரியை வெளியே இழுத்து, மீட்டரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“முப்பத்தெட்டரை காட்டுது. முழுசா இருந்தா நாற்பத்திரண்டு. காலையில ஓடி வந்த வண்டிக்கு இது போதும் அக்கா. பேட்டரி தங்கமா இருக்கு. மோட்டார்தான் போயிடுச்சு.”

“மோட்டார் போயிருந்தா மத்தியானம் மட்டும் எப்படி ஏறும் தம்பி?”

“அது அப்படித்தான்.”

‘அது அப்படித்தான்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆளா இவள்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, எங்க லேபுக்கு ஒருத்தர் வருவார். படுக்க வெச்சு நெஞ்சுக்குப் படம் எடுத்தா கோடெல்லாம் சரியா இருக்கும். அப்புறம் மெஷின்ல நடக்க விட்டாங்க. மூணாவது நிமிஷத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். சும்மா படுத்திருக்கும்போது பார்த்தா யாருக்குத்தான் நோய் தெரியும்? இதையும் மேடு ஏற வெச்சுப் பாருங்க.”

மீட்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆள் மட்டமில்லை. சிரிப்போடு கொஞ்சம் யோசனையும் வந்தது. பேட்டரியில் இருந்து இரண்டு ஒயரை இழுத்து, மீட்டரைக் கைப்பிடியில் டேப் போட்டு ஒட்டினான். அப்போதே மேட்டுக்குப் போனார்கள். வண்டி ஜம்மென்று ஏறியது. மீட்டரில் எண் முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவே இல்லை.

“பார்த்தீங்களா?” என்றான்.

“நோட்டைப் பார்த்தீங்களா? மத்தியானம் நிக்காதுன்னுதானே எழுதியிருக்கேன். காலையில வாங்க.”

மறுநாள் காலை எட்டரைக்கு, கொட்டாவி விட்டபடி தன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். அக்கா கீழ்த்தெருக் குழாய்களோடு ஏற ஆரம்பித்தாள். எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே போனாள். “நாற்பது… முப்பத்தெட்டு… முப்பத்தஞ்சு… தம்பி, முப்பத்துமூணு… முப்பத்தொண்ணு!” பதினேழாம் கம்பம். ஐந்து விளக்கும் அணைந்தன.

மீட்டரின் கொட்டாவி பாதியில் நின்றது. இறங்கி ஓடி வந்து மீட்டரைப் பார்த்தான். அணைந்த மறு நொடி எண் மறுபடி முப்பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது.

“யம்மாடி! நடிக்குது அக்கா. பேட்டரியேதான். பளு வந்தா உள்ள யாரோ படுத்துடறாங்க. ஆபத்துன்னு மொத்தத்தையும் அதுவே அணைச்சிடுது. பளு போனதும் எழுந்து உட்கார்ந்து ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்குது.” சொல்லிவிட்டுக் காதைச் சொறிந்தான். “நான் மோட்டாரை மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“மாத்தலையே, விடுங்க. முதல்ல என்னை மேல தள்ளுங்க, மணி ஆகுது.”

ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே சேர்த்தான். பதினான்கு வீட்டையும் ஓட்டமும் நடையுமாக முடித்து, ஒன்பது இருபத்தெட்டுக்கு லேபில் குழாய்களைக் கொடுத்தாள். கொடுத்த அவசரத்தில் ஐஸ் பைகளை எடுத்து ஃப்ரீஸரில் போடவே மறந்துவிட்டாள். பெட்டியோடு அப்படியே மீட்டர் கடைக்கு ஓடினாள். பேட்டரியைத் திறக்கும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

பெட்டியைக் கழற்றிக் கடை மேஜையின் ஓரத்தில் வைத்தார்கள். மீட்டர் கையுறை மாட்டிக்கொண்டு, பேட்டரியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே விரல் பருமனில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன உருளைகள்.

“நாலு நாலா சேர்த்துப் பத்துக் குடும்பம்,” என்றான் மீட்டர். “பத்துப் பேரும் கை கோர்த்துக்கிட்டு இழுக்கணும். ஒரு குடும்பம் கையை விட்டா அவ்வளவுதான்.”

ஒவ்வொன்றாக அளந்து சொன்னான், அவள் எழுதினாள். மூன்று புள்ளி ஒன்பது. மூன்று புள்ளி ஒன்பது. ஒன்பது குடும்பம் வரை அதேதான். பத்தாவது, சாவித் துவாரத்துக்கு அருகே கடைசியில் இருந்தது, மூன்று புள்ளி இரண்டு. அதன் தகட்டு முனையில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது.

“பிடிச்சாச்சு!” என்று மீட்டர் மேஜையைத் தட்டினான். “தண்ணி பூந்திருக்கு.”

“ஏன் இது மட்டும்?”

“மழையில நனைஞ்சிருக்கும்.”

“ரெண்டு மாசமா மழையே இல்லை. மழைன்னா ஓரம் எல்லாம்ல நனையணும்? ஏன் இந்த மூலை மட்டும்?”

“குழாயைப் பீச்சி வண்டியைக் கழுவினீங்களா?”

“ஈரத்துணியால துடைக்கிறதோட சரி.”

இரண்டு பேரும் அந்தப் பச்சைப் பூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிஷம் இருக்கும். அக்கா நோட்டில் எழுதலாம் என்று மேஜையோரம் திரும்பினாள். விரித்து வைத்திருந்த பக்கத்தில், ‘மூன்று புள்ளி இரண்டு’ என்ற இடத்தில் மை கலங்கி ஒரு ஈர வட்டம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் இன்னொரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியின் மூலை. அடியில் அழகாக வட்டம் எடுத்த சின்ன ஓட்டை. ஐஸ் பைகளில் இருந்து வேர்த்து வழிகிற தண்ணீர் உள்ளே தேங்கக் கூடாது என்று அவள் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்ட ஓட்டை. நோட்டு கீழே ஸ்டூலின் மேல் இருந்தது. வண்டியில் என்றால் அந்த இடத்தில் பேட்டரியின் சாவிப் பக்கம் இருக்கும்.

மீட்டர் பெட்டியின் அடித்தகட்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தான். “ஜில்லுனு இருக்கு! குளிர்ந்தா பேட்டரி சோம்பேறி ஆயிடும் அக்கா. ஏற்கனவே ஒரு குடும்பம் நோயாளி. அதுக்கு மேல காலையில ரெண்டு மணி நேரம் ஐஸைத் தலையில வெச்சா மேட்டுல படுத்துடாதா? மத்தியானம் பெட்டி காலி, குளிர் இல்லை, அதான் எப்படியோ ஏறிடுது. அடேங்கப்பா, நோட்டுல எல்லாம் இருக்கே!”

அக்காவுக்கு ஒரு நிமிஷம் கை தட்டலாம்போல் இருந்தது. ஐந்து வாரம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் முகம் விழுந்துவிட்டது. தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாமோ என்று அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள்.

மீட்டர் தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தான். தண்ணீர் பார்த்த பேட்டரியை ஒட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்ப மாட்டானாம், தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது? நோயாளிக் குடும்பத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு வைக்கலாமா என்று இவள் கேட்டதற்கும் முடியாது என்று தலையாட்டினான். ஓய்ந்தவர்களோடு புதியவனைக் கட்டினால் இழுவை சமமாக இருக்காதாம். புதுசாக ஒன்று, இதே அளவு, இதே வோல்ட், இதே சாவி வாய், வியாழக்கிழமைக்குள் வரவழைத்துவிடலாம். பழைய பேட்டரியைக் கடைக்கு வெளியே மணல் வாளியில் இறக்கினான்.

“ஆனா அக்கா, அந்தப் பெட்டியை வெச்சீங்கன்னா புதுசும் போயிடும். கடையில பிளாஸ்டிக் பெட்டி விக்குது, ஒண்ணு வாங்கிக் கட்டிக்குங்க.” கொஞ்சம் தயங்கினான். யார் செய்த பெட்டி என்று அவனுக்கும் தெரியும். “வீட்டுல கேட்டா, வண்டி சாஞ்சு பெட்டி உடைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்களேன்.”

நல்ல யோசனைதான். வழியெல்லாம் அக்கா அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வண்டி சாஞ்சிடுச்சுங்க. பெட்டி உடைஞ்சிடுச்சுங்க. பெட்டி கையில் கனத்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னலோரத்தில் இருந்து வழக்கமான கேள்வி வந்தது. “பெட்டி ஆடலையே?”

ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டே மடக்குகிறவள் இந்த ஒரு கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“ஆடலைங்க. ஆனா பேட்டரி போனது இதனாலதான்.”

ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓட்டையைச் சொன்னாள், தகட்டைச் சொன்னாள், பச்சைப் பூப்பைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எல்லாம் கேட்டுவிட்டு, பெட்டியைத் திருப்பி ஓட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

“கால் அங்குலம் சரிவு வெச்சேன்,” என்றார். “தண்ணி முழுக்க இந்த மூலைக்கு வரணும்னு. ஒரு சொட்டு உள்ள நிக்கக் கூடாதுன்னு. கீழ என்ன இருக்குன்னு பார்க்கலை பாரு.” பெட்டியை நகர்த்திவிட்டார். “உன் வேலைக்கே உலை வெச்சிருக்கேன். இதுக்குத்தான் நான் சும்மா படுத்துக் கிடக்கேன்னு சொன்னது.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க,” என்றாள் அக்கா.  “பொய் சொல்லலாம்னுதான் வந்தேன். உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சது. ஆனா பொய் சொன்னா நாளைக்கு நீங்க ஆடலையேன்னு கேக்க மாட்டீங்க. அது எனக்கு வேணும். பெட்டியும் எனக்கு வேணும்.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார், “மரப்பெட்டி வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்,” என்றாள். அவள் அப்படி எதையும் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் அன்று யாரும் அதற்குச் சிரிக்கவில்லை.

புதன்கிழமை முழுக்க அவர் ஜன்னல் பக்கமே வரவில்லை. பேட்டரி மணல் வாளியில் கிடந்ததால் அக்கா புதன் முதல் வெள்ளி வரை பேருந்தில் கீழ்த்தெருவை மட்டும் பார்த்தாள். மேட்டு வீடுகளுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்று கெஞ்சினாள். எல்லாம் ஒரே நாளில் குவிந்தது. சனிக்கிழமை வண்டி நின்றால் அவ்வளவுதான், மேடம் சொன்னதைச் செய்கிறவர்.

வியாழக்கிழமை அவள் சமையல்கட்டில் இருந்தபோது ஜன்னலோரத்தில் இருந்து குரல் வந்தது. “அந்த நோட்டைக் கொடு.”

கொடுத்தாள். ஐந்து வாரத்தையும் முதலில் இருந்து படித்தார். மீட்டர் அளந்து சொன்ன எண்களுக்கெல்லாம் விளக்கம் கேட்டார். பிறகு, “புது பேட்டரி வந்துடுச்சா? அதுக்கும் கேரியருக்கும் நடுவுல எத்தனை விரல் இருக்கு?”

“ரெண்டு விரல் இருக்கும்.”

“இருக்கும்னா? அளந்துட்டு வா.”

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பை அணைக்காமலே ஓடினாள். பேட்டரி அன்று மத்தியானமே வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கொண்டுபோய் மாட்டியபோது மீட்டர் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அலுமினியத் தகடு போய் அடியிலும் மரம், நடுவில் தெர்மாகோல். நான்கு மூலையிலும் கட்டைக்கால் வைத்து நான்கு விரல் உயரம் தூக்கியிருந்தது. காற்று போய்வரத் தாராள இடம். பழைய ஓட்டையை மரக்கட்டை அடித்து மூடிவிட்டு, பின்பக்கமாக ஒரு புது ஓட்டை. அதில் சொருகிய ரப்பர் குழாய் பின்சக்கரத்துக்கும் அப்பால் தொங்கியது. மீட்டர் பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவள் கிளம்பியபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எதற்குச் சட்டை என்ற கேள்வி வாய் வரை வந்தது, நேரமாகிவிட்டது. கேள்விக்காரி ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டது அன்றுதான்.

எட்டு முப்பத்திரண்டு. மேட்டின் அடிவாரம். பெட்டி நிறைய ஐஸ். ஐந்து விளக்கும் எரிந்தன. பதினைந்தாம் கம்பம். பதினாறாம் கம்பம். ஒரு விளக்கு அணைந்து நான்கானது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பதினேழு. மோட்டார் அதே முனகலோடு கம்பத்தைத் தாண்டிப் போனது. “போ, போ, ராசா, போ!” என்று வாய்விட்டுச் சொன்னாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

மேட்டின் உச்சியில், வளைவு திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு ஆள் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா பிரேக்கைப் பிடித்தாள்.

“ஏங்க! நீங்க எப்படி இங்க?”

 அவர் சுவரைப் பிடித்து எழுந்து, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெள்ளக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ரப்பர் குழாயின் நுனியில் இருந்து ஒரு சொட்டு தார் ரோட்டில் விழுந்தது. உள்ளங்கையை நீட்டிப் பேட்டரியின் மேல் வைத்தார்.

“ஜில்லுனு இல்லை,” என்றார். “எத்தனை விளக்கு?”

“நாலு. ஏங்க, நடந்தா வந்தீங்க? இவ்வளவு தூரமா?”

“பின்ன, பறந்தா? நீ கிளம்பினதும் கிளம்பினேன். மூணு இடத்துல முடியாம நின்னுட்டேன். அஞ்சு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தேன். அப்புறம் வந்துட்டேன்.”

அக்காவுக்குக் கண் மறைத்தது. மணி எட்டு நாற்பத்தொன்று. பதினான்கு வீடு காத்திருந்தது, முதல் வீடே டீச்சர் வீடு. அந்த அவசரத்திலும் பையில் இருந்து நோட்டை எடுத்து, பெட்டியின் மேல் வைத்து எழுதினாள்: ‘சனி. 8.41. மேடு. நிற்கவில்லை.’

அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். “என்னையும் எழுது,” என்றார்.

அடுத்த வரியில் எழுதினாள்: ‘அவர். மூன்று இடத்தில் நின்றார். ஏறிவிட்டார்.’